கண்ணாடிக்குள் புத்தகங்கள்

மதுரை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பள்ளித்தோழி செல்வி, போனில் நோட்ஸ் ஆப்பைத் திறந்து நீட்டினாள். தன்னிடமுள்ள புத்தகங்களின் அட்டைப்படங்களையெல்லாம் அதில் வரிசை வரிசையாக அடுக்கியிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. சின்ன வயதில் எரிந்த அதே எரிச்சல்.

அருப்புக்கோட்டையில் அவள் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. கடையில் கழித்த ஷோகேஸை வீட்டுக்குக் கொண்டுவந்து, மகளின் கதைப் புத்தகங்களைச் சேலைகளைப்போல முகம் தெரிய நிறுத்திவைத்தார். எங்கள் வீட்டில் பாடப்புத்தகம் தவிர வேறு கிடையாது. அந்துருண்டை வாசனை அடிக்கும் அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, வேண்டியதை விரல் வைத்துக் காட்டுவேன்.

“பாத்தாச்சுல்ல, போதும்த்தா. கண்ணாடி அழுக்காகுது” என்றபடி அவள் அம்மா, என் விரல் பட்ட இடத்தை முந்தானையால் துடைப்பார்.

இப்போதும் ஓர் அட்டைமேல் விரல் வைத்தேன். படம் பெரிதானது.

“இதைக் குடுடி, படிச்சிட்டுத் தாரேன்.”

“அதெல்லாம் பெட்டியில கட்டிக் கெடக்கு. யாரு பிரிக்கிறது? அட்டைப்படத்த வேணா அனுப்பவா?”

போனைத் திரும்ப வாங்கியவள், என் விரல் பட்ட இடத்தை முந்தானையால் துடைத்தாள்.