அறுவைக்கு முந்திய விரதம்

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன், ஓர் அறுவைச் சிகிச்சையைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். அண்ணனுக்குத் துணையாகப் போய்வந்ததைத் தவிர எனக்கு வேறு தகுதியில்லை. விவரம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் கிள்ளானுக்குப் பக்கத்துக் காப்பாரில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். சிகரெட்டை அவர் விடுவதற்குள் நுரையீரல் பெரும்பாலும் கெட்டுவிட்டது. தொண்ணூறுகளின் கடைசியில், சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் உட்கார்ந்துவிடுவார். அண்ணிதான் குளிப்பாட்டினார்.

கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் டாக்டரம்மா பார்த்தார். மாற்று நுரையீரல் கிடைப்பது அரிது என்றார். இன்னொரு வழி, கெட்டு ஊதிப்போன பகுதிகளை வெட்டியெடுப்பது.

“இருக்கிறதே பத்தலன்னுதானே வந்தோம். அதையும் வெட்டுவீங்களா?” என்றார் அண்ணி.

“ஊதினது இடத்த அடைச்சிக்கிட்டு நல்லத நசுக்குது ஆன்டி. எடுத்துட்டா மிச்சம் விரிய இடம் கிடைக்கும். நோய் போயிடாது, மூச்சு கொஞ்சம் லேசாகலாம். ஆபத்தும் இருக்கு.”

“நானே குளிச்சிக்கணும் டாக்டர். அது போதும்,” என்றார் அண்ணன்.

அண்ணன் மிகவும் மெலிந்திருந்தார். உடம்பு தேறினால்தான் கத்தி வைக்க முடியும் என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா.

அடுத்த முறை போனபோது எடை இன்னும் குறைந்திருந்தது.

“மறுபடி சிகரெட்டா அங்கிள்?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணிதான் சொன்னார்: “ஐயோ, இல்ல டாக்டர். ஆப்பரேஷன் நல்லபடியா முடியணும்னு முருகனுக்கு விரதம் இருக்காரு. ஒருவேளைதான் சாப்பாடு. கவுச்சியே இல்ல.”

எங்கள் குடும்பத்தில் பரீட்சையோ கல்யாணமோ, முதலில் விரதம்தான். அதில் தவறிருப்பதாக எனக்கும் தோன்றவில்லை.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “இந்த உடம்புல வெட்டினா புண்ணு ஆறாது. மூச்சு மெஷின எடுக்க முடியாமப் போகலாம். தேறி வாங்க. இல்லாட்டி ஆப்பரேஷன் கிடையாது அங்கிள்.”

“வேண்டிக்கிட்டேனே,” என்றார் அண்ணன். “பாதியில... விட்டா... எப்படி?”

திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். அண்ணன் தேநீர் மட்டும் போதும் என்றார். அண்ணி தமக்கு வந்த தோசையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிச்ச விரதத்த நான் இருக்கேன். நீங்க சாப்பிடுங்க.”

“முருகன்... ஒத்துக்குவாரா?”

“கல்யாணம் ஆனதிலேர்ந்து உங்களுக்குப் பதிலா நான்தான் எல்லார்கிட்டயும் பேசுறேன். அவருகிட்டயும் பேசிக்கிறேன் லா.”

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலானது. அவர் முதுகைத் தடவிக்கொண்டே அண்ணி தோசைத் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

மறுநாள் காலை, கிள்ளானில் அவர்கள் வீட்டில், அண்ணன் இரண்டு அரைவேக்காட்டு முட்டை சாப்பிட்டார். அண்ணி பாலில்லாத காப்பி மட்டும் குடித்தார்.