வெளியூரில் அடித்த கோல்

போன வருசம் சித்திரை மாதக் கடைசியில் நடந்தது இது. மொன்றியலில் பனி கரைந்து, தெருவோரங்களில் மட்டும் கறுத்துப்போன குவியல்களாக மிஞ்சியிருந்த நாட்கள். நான் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். விடிய ஐந்தரைக்குத் தொடங்கினால் மத்தியானம் ஒன்றரைக்கு வேலை முடியும். அன்றைக்கும் முடிந்து, சப்பாத்தை மாற்றிக்கொண்டு நிற்க, என்னோடு வேலை செய்கிற துருக்கிக்காரர் வந்து ஜாக்கெட்டில் பிடித்து இழுத்தார்.

"வீட்டை போகேலாது, மொனாமி. இண்டைக்கு எங்கட ஊர் விளையாடுது!"

அவர் சொன்னது பிரெஞ்சில், மொனாமி என்றால் நண்பா. நான் எழுதுவது என் காதில் விழுந்த தமிழில். நான் பெரிதாகப் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. பிரெஞ்சும் வகுப்பில் படிக்கவில்லை, இவரைப் போன்ற ஆட்களின் வாயைப் பார்த்துப் படித்தது. பெட்டி சரிந்து விழுந்தாலும் "செ பா கிராவ்", மேலாள் ஏசினாலும் "செ பா கிராவ்". பரவாயில்லை என்று அர்த்தம். அதை அவர் தோளைக் குலுக்கிச் சொல்லும் அழகுக்காகவே அவரோடு கதைக்கலாம்.

ஆள் துருக்கி என்றாலும் வளர்ந்தது ஜெர்மனியில், தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு சின்ன நகரத்தில். அந்த ஊர் உதைபந்தாட்டக் கழகம் எத்தனையோ வருசத்துக்குப் பிறகு ஐரோப்பியக் கிண்ணத்தின் அரையிறுதிக்கு வந்திருந்தது. கிரிக்கெட் மட்டும் பார்க்கிற என்னை எதற்கு இழுக்கிறார் என்று கேட்பீர்கள். அதே நகரத்தில்தான் என் அண்ணையும் எண்பதுகளில் அகதியாக இருந்தவர், ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினவர். அதை ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்று முதல் அவருக்கு நான் அரைவாசி ஊர்க்காரன்.

அண்ணையின் கதையைச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது.

அண்ணைக்கு ஒரு கதை இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து தேத்தண்ணி குடித்தால் அதைத் தொடங்கிவிடுவார். அந்தக் கழகம் முன்னொரு காலம் அரையிறுதிக்கு வந்ததாம். அரையிறுதி என்றால் இரண்டு ஆட்டம், ஒன்று சொந்த ஊரில், மற்றது எதிராளியின் ஊரில். சொந்த ஊரில் ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றுவிட்டார்களாம். இரண்டாவது ஆட்டம் இத்தாலியில். உணவக முதலாளிக்கு நாரிப்பிடிப்பு வந்து இடுப்பை அசைக்க முடியாமல் படுத்துவிட, அவருடைய பஸ் இருக்கையும் டிக்கெட்டும் கோப்பை கழுவுகிற அண்ணைக்குக் கிடைத்ததாம்.

அந்தக் காலத்து ஜெர்மனியில் எங்கட ஆட்கள் தங்கியிருந்த வட்டாரத்தைத் தாண்டவே கூடாது. இவரோ பாஸ்போர்ட் இல்லாமல் இரண்டு எல்லை தாண்டினாராம். பின் சீட்டில் கிடத்தி, மேலே கழகத்துக் கொடியைப் போட்டு, அதற்கு மேலே நாலு பேர் கால் நீட்டிக்கொண்டு பாடினார்களாம். எல்லைக் காவலன் பஸ்ஸில் ஏறி, "வெல்லுவீங்களோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனானாம்.

"தம்பி, மைதானத்துக்குள்ள கால் வைச்சன். அவ்வளவு சனமும் ஒரே பாட்டு. எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு. அவங்கள் கழுத்தில போட்டுவிட்ட நீலச் சால்வையை என்ர கை தன்ரபாட்டில எடுத்து இடுப்பில கட்டிப்போட்டுது."

கோயிலில் மூலஸ்தானத்துக்கு முன்னால் நாங்கள் தோள் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டுகிற மாதிரி. கடைசி நிமிசத்தில் கோல் விழுந்தபோது, இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்து "அரோகரா" என்று கத்தினாராம். அந்த ஆட்டத்தில் இரண்டுக்கு ஒன்று என்று வென்று, இறுதியாட்டத்துக்கும் போனார்களாம்.

"சால்வை எங்கை அண்ணை?" என்று கேட்டால், "திரும்பி வரேக்கை குளிரில நடுங்கின ஒருத்தனுக்குக் குடுத்திட்டன்" என்பார். படம் இல்லை, டிக்கெட் துண்டு இல்லை. நாங்கள் என்ன நினைத்திருப்போம்?

அண்ணையின் மகளுக்கு இரண்டு வயதுப் பிறந்தநாள். ஹோல் எடுத்து, வீடியோக்காரரைப் பிடித்துப் பெரிதாகச் செய்தார். கேக் வெட்டி முடிய, ஆண்கள் சுற்றியிருந்த மேசையில் அந்தக் கதை தொடங்கியது. அன்றைக்கு எனக்கு என்ன பிடித்ததோ, எழும்பி நின்று கணக்குக் கேட்டேன்.

"அண்ணை, முதல் ஆட்டத்தில அவங்கள் ஒண்டு, நீங்கள் பூச்சியம். இரண்டாவதில நீங்கள் இரண்டு, அவங்கள் ஒண்டு. கூட்டிப் பாருங்கோ. இரண்டுக்கு இரண்டு, சமன்! பேந்தெப்பிடி இறுதியாட்டத்துக்குப் போனீங்கள்? காணும் அண்ணை உந்தப் புளுகு!"

ஹோலே சிரித்தது. "அப்பிடியில்லையடா, வெளியூரில அடிச்சா..." என்று அண்ணை தொடங்கினார். அதற்குள் நான், "அரோகரா அண்ணைக்கு அரோகரா!" என்று கத்தினேன். எல்லாரும் திருப்பிக் கத்தினார்கள். அண்ணை என்னைப் பார்த்தார். "சரி, விடு" என்றார். பிறகு அந்தக் கதையை அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அடுத்த மாசியில் மாரடைப்பு வந்து போய்விட்டார். அவருடைய செத்தவீட்டிலேயே யாரோ ஒருவர், "ஆர், எங்கட அரோகரா அண்ணையோ?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அந்தப் பட்டம் நான் வைத்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அண்ணைக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். அதனால் படம் எடுக்கும்போது வாயை இறுக்கி மூடிக்கொள்வார். கலியாணப் படத்திலும் அப்படித்தான், அகதி அட்டையிலும் அப்படித்தான். அவர் அசைகிற, கதைக்கிற ஒரே ஒரு பதிவு அந்தப் பிறந்தநாள் வீடியோதான். அதிலும் வாயைக் கையால் மறைத்துத்தான் கதைப்பார். தகப்பனின் முகம் நினைவில்லாத பிள்ளை, அதைப் போட்டுப் போட்டுப் பார்த்துத்தான் வளர்ந்தாள். அதில் என் குரல் இருக்கிறது. அண்ணையின் முகம் விழுந்துபோவதும் இருக்கிறது. அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை லேசாக இருந்திருக்கும்.

சரி, துருக்கிக்காரர் அன்றைக்கு என்னை இழுத்துக்கொண்டு போன கஃபேக்கு வருவோம். மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம். நேரடி ஆட்டம் மூன்று மணிக்கு. அதற்கு முன்னால் தொலைக்காட்சியில் அந்தக் கழகத்தின் பழைய அரையிறுதியைச் சுருக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மங்கல் நிறம், மழை, கம்பி வேலி. மைதானம் முழுக்க எதிராளியின் சனம் விசிலடிக்கிறது. ஒரு மூலையில் மட்டும் ஒரு துண்டு நீலம்.

"எனக்கு அப்ப பதினொரு வயசு" என்றார் துருக்கிக்காரர். "அப்பா என்னை விட்டிட்டு பஸ்ஸில போயிட்டார். இப்பவும் எனக்கு அந்த மனிசனோட கோவம்."

இத்தாலியில் நடந்த ஆட்டம் என்று அவர் சொன்னபோதே எனக்கு அண்ணையின் கதை ஞாபகம் வந்தது. ஆனாலும் அப்படியொரு ஆட்டம் நடந்தது என்பதை நான் எப்போது மறுத்தேன்? அண்ணை பத்திரிகையில் பார்த்திருக்கலாம்தானே. அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

முதலில் இத்தாலிக்காரர் ஒன்று அடித்தார்கள். கன நேரம் கழித்து நீலம் ஒன்று அடித்தது. பொடியள் சேற்றில் விழுந்து விழுந்து எழும்பி ஓடினார்கள். ஒருத்தன் தலையில் கட்டுப் போட்டிருக்க, கட்டு முழுக்க இரத்தம். விளையாட்டே விளங்காத எனக்கும் கண் எடுக்க முடியவில்லை.

"இனி ஒண்டு அடிச்சாலும் இரண்டுக்கு இரண்டு சமன்தானே?" என்று கேட்டேன்.

"ஆர் சொன்னது சமனெண்டு?" அவர் மேசையிலிருந்த சீனிப் பக்கெற்றுகளை அள்ளினார். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. "கூட்டினால் சமன். சமனாய் வந்தால், ஆர் வெளியூரில கூட அடிச்சது எண்டு பார்ப்பினம். அவங்கள் எங்கட ஊரில அடிச்சது ஒண்டு. நாங்கள் அவங்கட ஊரில அடிச்சால் இரண்டு. நாங்கள் வெண்டம். மற்றவன்ர மண்ணில, மற்றவன்ர சனத்துக்கு முன்னால அடிக்கிறது லேசோ, மொனாமி? அதுக்கு மதிப்புக் கூட."

வெளியூரில அடிச்சா...

அண்ணை தொடங்கிய வசனத்தின் மிச்சம், இருபத்து நாலு வருசத்துக்குப் பிறகு, இன்னொரு மனிசனின் வாயால், சீனிப் பக்கெற்றோடு என் முன்னால் வந்து விழுந்தது. "திருப்பிச் சொல்லுங்கோ" என்றேன். சொன்னார். இன்னொருக்கால் கேட்டேன். மூன்றாம் தரம் அவர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோல் விழுந்தது.

கமெரா நேரே அந்த நீல மூலைக்குப் போனது. ஆட்கள் வேலியில் ஏறுகிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள், கையை முறுக்கிக் காற்றில் குத்துகிறார்கள். எல்லார் கழுத்திலும் சால்வை. நடுவில் ஒரே ஒரு ஆள், கழுத்தில் ஒன்றுமில்லை. மெலிந்த, கறுத்த உடம்பு. நனைந்த சேட்டுக்கு மேலே, இடுப்பில் இறுக்கி முடிச்சுப் போட்ட நீலச் சால்வை. இரண்டு கையும் தலைக்கு மேலே குவிந்திருக்கிறது. ஜெர்மன்காரக் கூட்டத்துக்குள் இப்படி ஒருவர் நின்றால் எந்தக் கமெராக்காரனுக்கும் கண் போகும்தானே. அவன் கிட்டப் போனான். முகம் திரை முழுக்க வந்தது. வாய் ஆவென்று திறந்து, உடைந்த பல்லு பளிச்சென்று தெரிய, மழைத்தண்ணி வாய்க்குள் விழ விழ, அந்த ஆள் கத்துகிறார். சத்தம் கேட்கவில்லை. ஆனால் என்ன சொல்லுகிறார் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணை" என்றேன். சத்தமாகச் சொன்னேன் போல. கஃபேயில் நாலு பேர் திரும்பினார்கள்.

"எவர்?" என்றார் துருக்கிக்காரர்.

"உதில நிண்டவர். என்ர அண்ணை."

அவர் "செ பா கிராவ்" சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு எழும்பி முழுக் கஃபேக்கும் கேட்க, "இந்த மனிசன்ர சகோதரம் அங்கை நிண்டது!" என்று கத்தினார். முன்பின் தெரியாத ஆட்கள் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். மூன்று மணி ஆட்டத்தில் யார் வென்றது என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

அந்தப் பழைய ஆட்டத்தைத் துருக்கிக்காரர் தன் போனில் தேடிப்பிடித்து எனக்கு அனுப்பினார். நேரே அண்ணி வீடு இருக்கிற பியர்பொன்ட்ஸுக்குக் காரை விட்டேன். அண்ணையின் மகள் கார்டெரியில் வேலை, சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கிறவள். அப்போதுதான் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள். "பிள்ளை, இதில இரு" என்று போனைக் கையில் கொடுத்தேன். அண்ணி குசினி வாசலில் வந்து நின்றார்.

முதல் தரம் பார்த்து முடித்தாள். இரண்டாம் தரம் போட்டாள். மூன்றாம் தரம் அந்த முகத்தில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கினாள்.

"சித்தப்பா, அப்பாக்குப் பல்லு உடைஞ்சிருக்கு!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "இவர் இப்பிடிச் சிரிப்பாரா? எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நீலச் சால்வை எண்டுதான் சொன்னவர்" என்று அண்ணி மெல்லச் சொன்னார். அது போதும் எனக்கு.

"பிள்ளை, அந்தப் பிறந்தநாள் வீடியோவில..." என்று நான் தொடங்க, அவள் என் கையைப் பிடித்தாள்.

"தெரியும் சித்தப்பா. அந்த இடம் வரேக்கை நான் சத்தத்தைக் குறைச்சிடுவன். சின்னனிலயிருந்து அப்பிடித்தான்."

எனக்காகவா குறைத்தாள், தகப்பனுக்காகவா? நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி இருந்ததாகத் தோன்றவில்லை.

இந்த மாசியில் அண்ணையின் திவசம். அன்றைக்கு அந்த ஹோலில் சிரித்தவர்களில் இருக்கிறவர்களையெல்லாம் தேடி அழைத்தேன். ஒருவர் ரொறன்ரோவிலிருந்து பஸ் பிடித்து வந்தார். சாப்பாடு முடிய, பேஸ்மென்டில் எல்லாரையும் இருத்தி, நான் எழும்பி நின்றேன். அன்று கணக்குக் கேட்ட மாதிரியேதான் நின்றேன். சீனிப் பக்கெற்று இல்லாததால் வடையை வைத்து விளங்கப்படுத்தினேன். இந்தப் பக்கம் இரண்டு வடை, அந்தப் பக்கம் இரண்டு வடை. "கூட்டத் தெரிஞ்ச எனக்கு, அதுக்கு மேல ஒண்டும் தெரியேல்லை. என்ர அண்ணை புளுகேல்லை. பிழை விட்டது நான்" என்றேன். வடையைப் பார்த்தும் ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு பெரிய திரையில் போட்டோம். மழை, வேலி, கோல், அந்த முகம். அன்றைக்கு எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்த ஒருவர், இப்போது கைத்தடியோடு வருகிறவர், தடியைச் சுவரில் சாத்திவிட்டு மெதுவாக எழும்பினார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்தார். "அரோகரா!" என்றார். அவ்வளவுதான். அத்தனை பேரும் எழும்பிவிட்டார்கள். அதே சொல்லுத்தான், அதே ஆட்கள்தான்.

அண்ணையின் மகள் ரிமோட்டை எடுத்து, திரும்ப அந்த இடத்துக்கு விட்டாள். இந்தமுறை சத்தத்தைக் கூட்டினாள்.

வெளியூரில் அடித்த கோலுக்கு மதிப்புக் கூட என்ற அந்தச் சட்டத்தை இப்போது எடுத்துவிட்டார்களாம், துருக்கிக்காரர் சொன்னார். ஆனால் ஊரை விட்டு வந்த ஒரு மனிசன் தன் கதையைச் சொல்ல வாயைத் திறக்கிறபோதெல்லாம், என்னைப் பொறுத்தவரை அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது, அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் நான் வாய் திறப்பதில்லை.