ஒன்பது வரிகள்

மருத்துவமனைகளுக்கு இணையதளம் எழுதும் அந்த அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'ஆதாரம்'. தளத்தில் நடப்பதையெல்லாம் சர்வர் வரிவரியாகக் குறித்துவைக்கும். யார் புகார் சொன்னாலும், "சர்வர் பதிவுல இருக்கா? இல்லன்னா நடக்கல" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவார். பதினேழு வருஷமாக இதே பேச்சு.

அக்காவிடமும் அதையேதான் சொன்னார்.

"டாக்டரைப் பார்க்க உங்க தளத்துல முன்பதிவு பட்டனை அழுத்துனேன்டா, சுத்திக்கிட்டே இருந்துச்சு."

"நீ அழுத்தவே இல்லக்கா. சாக்கு சொல்லாத."

அதன்பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த தேதி கிடைக்க ஏழு வாரமாயிற்று. அதற்குள் புற்றுக்கட்டி முற்றிவிட்டது.

அவள் போய் இரண்டு வருஷம் கழித்து, சர்வர் எழுதும் பதிவும் பயனர்களின் போன் எழுதிவைத்து, இணைப்பு கிடைத்தபின் அனுப்பும் பதிவும் ஒரே வடிவத்துக்கு வரவேண்டும் என்று மேலிடம் சொன்னது. கடிகாரமும் வடிவமும் சர்வரோடு ஒத்துவராததால் போன் பதிவுகளை அதுவரை யாரும் சீந்தியதில்லை. பழையவற்றை மாற்றும் வேலை இவர் தலையில் விழுந்தது.

நேரத்தைச் சரிசெய்து இரண்டையும் அருகருகே வைத்தபோது, அக்காவின் நோயாளி எண் வந்தது. போன் பக்கம், முன்பதிவு பட்டன் ஒன்பது முறை அழுத்தப்பட்டிருந்தது. ஒன்பது முறையும் இணைப்பு கிடைக்கவில்லை. சர்வர் பக்கம் ஒரு வரிகூட இல்லை.

பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள். "ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தா ஒண்ணாக்கணும்னு நீங்கதானே சார் விதி போட்டீங்க?"

"ஒன்பதும் இருக்கட்டும்மா" என்றார். "ஒரு தடவ சொன்னப்போ நான் நம்பல."