துடைத்துவிட்ட முதல் படம்

ஸ்டுடியோ அக்காவின் மூக்கைச் சுற்றியும் கன்னத்திலும் சின்னச் சின்னச் சிவப்புக் கட்டிகள். பருக்கள் அல்ல. மரபணுக் கோளாறு ஒன்றால் சிறு வயதிலேயே முளைத்து, அவளோடு சேர்ந்து வளர்ந்தவை. இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது? பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்கள் முகத்தை நிமிர்த்தச் சொன்னால் நிமிர்த்த மாட்டார்கள், "எண்ணெயில பொரிச்சத நிறுத்திப் பாருங்களேன்" என்று வைத்தியம் மட்டும் சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்கள் கண் சிமிட்டும் நேரம் பார்த்து அவள் கேமராவை அழுத்துவதும் உண்டு.

இப்போது தோல் டாக்டர் ஒரு களிம்பு கொடுத்திருந்தார். இந்தக் கட்டிகளுக்கென்றே ஆஸ்பத்திரியில் கலந்து தருவது. காலையும் இரவும் மெல்லிசாகப் பூச வேண்டும், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், வெயிலில் அலையக் கூடாது.

"பூசறதுக்கு முன்னாடி ஒரு படம், மூணு மாசம் கழிச்சு ஒரு படம். ரெண்டையும் கொண்டு வாங்க. குறைஞ்சிருந்தா தொடரலாம், இல்லன்னா நிறுத்திடுவோம்" என்றார் டாக்டர்.

படம்தானே, நமக்குச் சொல்லித் தரவா வேண்டும் என்று தலையாட்டிவிட்டு வந்தாள். பூசினால் எரிந்தது. களிம்பின் தலையில் பால் பாத்திரத்தை ஏற்றிவைக்கும் வீட்டுக்காரரோடு சண்டை போட்டாள். தினமும் கண்ணாடியில் பார்க்கிறவளுக்குக் குறைந்ததா கூடியதா என்று ஒன்றும் பிடிபடவில்லை.

டாக்டரிடம் போவதற்கு முதல் நாள் கடையில் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். முதல் படத்தில் ஒரு கட்டிகூட இல்லை. அன்றைக்கு எடுத்து அவளே பிரிண்ட் போட்ட இரண்டாவதில் இருந்தன. பார்த்தால் களிம்பு பூசித்தான் கட்டியே வந்தது போலிருந்தது.

படம் எடுப்பது அவள்; கம்ப்யூட்டர் வேலை, பல வருஷமாகக் கடையில் வேலை பார்க்கும் தம்பியின் பொறுப்பு. யார் முகம் வந்தாலும் மருவையும் தழும்பையும் துடைத்துவிட்டுத்தான் அவன் பிரிண்ட் போடுவான். துடைத்ததைப் பழைய படத்தின் மேலேயே சேமித்தும் தொலைப்பான்.

"ஏன்டா துடைச்ச?"

"கை தானா போயிடுச்சுக்கா."

"டாக்டருக்குன்னு சொன்னேனா இல்லையா?"

"டாக்டர் பாக்கறாரேன்னுதான் இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணேன்."

எங்கே போய் முட்டிக்கொள்வது? கல்யாண ஆல்பம், அடையாள அட்டை என்று அவள் முகம் இருந்த எல்லாமே இவன் கைபட்டவை. நாளைக்கு டாக்டர் இந்த இரண்டையும் பார்த்துக் களிம்பை நிறுத்திவிட்டால்? அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

"துடைச்சல்ல, நீயே திரும்ப வையி."

தம்பி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அவள் பக்கம் திரும்பாமலே மவுஸை நகர்த்தினான்.

"மூக்குக்கு இடது பக்கம் பெரிசா ஒண்ணு. அதோட ஒட்டினாப்பல ரெண்டு. தாடையில இது, லைட் பட்டா மினுங்கும். இத எடுக்கத்தான் உயிர் போகும்."

"ஒட்டினாப்பல ரெண்டா? உளறாத." விரலால் தடவிப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது.

"இருந்துச்சுக்கா. ஒவ்வொரு தடவையும் எடுக்கறவன் நான்." அப்போதுதான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். விளக்கைக் கிட்டே இழுத்து இன்னொரு முறை பார்த்தான். "எங்கக்கா போச்சு?"

அவள் வாடிக்கையாளர்கள் தலைவாரும் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். தம்பி ஒவ்வொரு இடமாகச் சொல்லச் சொல்ல அவள் விரல் தேடியது. சில அப்படியே இருந்தன. சில பாதியாகியிருந்தன. சில இடங்களில் ஒன்றுமே இல்லை. அந்த இடங்களை மட்டும் இன்னொரு முறை தடவினாள்.

"இவ்வளவும் தெரிஞ்சு வச்சிருக்க. ஒரு நாளாவது என்னன்னு கேட்டியாடா?"

"ஊரே கேக்குது. நானும் கேக்கணுமான்னு விட்டுட்டேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இந்தப் படத்த பிரிண்ட் போடவா?" என்றான்.

"நீ வரைஞ்சத காட்டி டாக்டர ஏமாத்தச் சொல்றியா? நாளைக்குக் கடைய பூட்டிட்டு என்கூட வா."

"நான் வந்து என்ன பண்ண?"

"எங்கெங்க இருந்துச்சுன்னு சொல்லு. உன்னத் தவிர என் மூஞ்சிய யாருடா பாத்திருக்கா?"