முதல் கோப்பை கண்டன்சருக்கு

ஸெனபெச் எங்கள் பட்டறையில் மெக்கானிக். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் எங்களுக்குக் காப்பி போட்டதில்லை. அடிஸ் அபாபாவில் பத்து ஆண்கள் கூடிய இடத்தில் ஒரு பெண் இருந்தால், கரி அடுப்பு தானாக அவள் பக்கம் நகர்ந்துவிடும். இவள் அதைக் காலால் திருப்பித் தள்ளுவாள். "நான் ஸ்பானர் புடிக்க வந்தவ. வேணும்னா நீங்களே போட்டுக் குடிங்க" என்பாள். முதலாளி அத்னாஃபுவுக்கு இது தொண்டையில் முள். அங்கே சீட் தைக்கிற எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

அவளை மட்டம் தட்டுவதற்கென்றே ஒரு பழைய பீட்டில் கார் வந்து சேர்ந்தது. எந்தோத்தோ மேட்டில் பாதி ஏறியதும் நின்றுவிடும். அரை மணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். இஞ்சினில் கரண்டை வெட்டி வெட்டி விடுகிற பாயிண்ட் கருகி, ஒரே மாதத்தில் மூன்று முறை மாற்றியாயிற்று. "பாயிண்ட் மேல தப்பில்ல, கண்டன்சர்தான் கோளாறு" என்று ஸெனபெச் ஒற்றைக்காலில் நின்றாள்.

கண்டன்சர் என்பது சுண்டுவிரல் நீளத் தகரக் குப்பி. பாயிண்ட் திறக்கும்போது தாவப் பார்க்கிற கரண்டை அது வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டால் பாயிண்டில் பொறி பறந்து கருகும், பிளக்குக்கு வலு போகாது. ஆனால் இந்தக் கண்டன்சர் புத்தம் புதுசு. விற்றவன் முதலாளியின் மச்சான் ஷிபிரு. அவனே வந்து மீட்டர் வைத்துக் காட்டினான். முள் சரியாகத்தான் நின்றது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், மச்சான்" என்றான்.

அத்னாஃபு எல்லார் முன்னாலும் அவள் கையிலிருந்த டூல்பாக்ஸ் சாவியைப் பிடுங்கினார். "இனிமே வண்டிய வேற ஆளு பார்ப்பான். நீ காப்பிய கவனி."

நாங்கள் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"சரி, இப்பவே போடுறேன்" என்றாள் ஸெனபெச். என்னிடம் திரும்பி, "உன் ஸ்க்ரூடிரைவரக் குடு" என்று கை நீட்டினாள். கொடுத்தேன்.

காப்பி கொதிப்பதற்குள், இஞ்சின் இருக்கிற பீட்டிலின் பின்பக்கத்தைத் திறந்து, கண்டன்சரைக் கழற்றி, இரண்டு நீள ஒயரில் வெளியே தொங்கவிட்டாள். இஞ்சினை ஓடவிட்டாள். நன்றாகவே ஓடியது.

முதல் கோப்பை முதலாளிக்கு. அவர் கை நீட்டினார். அவள் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, அந்தக் கையைத் தாண்டிக் கொண்டுபோய், கண்டன்சரைக் கோப்பைக்குள் இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் இஞ்சின் இருமியது, திணறியது, நின்றது. கண்டன்சரைப் பச்சைத் தண்ணீரில் ஆற்றியதும் மறுபடி ஓடியது. திரும்பவும் சூட்டில் இறக்கினாள். நின்றது.

"சூடு ஏறினா உள்ளுக்குள்ள கசியுது. ஆறிக் கெடக்கறப்ப மீட்டர் வச்சா என்ன தெரியும்?"

"காப்பியில முக்கினா எதுதான் ஓடும்?" என்றான் ஷிபிரு.

மூலையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டியிலிருந்து ஒரு பழைய கண்டன்சரைக் கழற்றி மாட்டி, அதையும் கொதிக்கிற காப்பியில் இறக்கினாள். காப்பி ஆறிப் போனது, இஞ்சின் நிற்கவில்லை. ஷிபிரு யாரோ கூப்பிட்ட மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான்.

அத்னாஃபு சாவியை மட்கார்டின்மேல் வைத்தார். அவள் தொடவில்லை.

"எல்லாரும் பாக்க கையிலேருந்து புடுங்கினீங்கண்ணே. கையிலயே குடுங்க."

எடுத்துக் கையில் கொடுத்தார். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சிரிப்பு சிரித்து, "மிச்சக் காப்பியையாவது ஊத்தும்மா" என்றார்.

அவள் ஏற்கெனவே இஞ்சினுக்குள் குனிந்திருந்தாள். "கை இருக்கறவங்க ஊத்திக்குங்க."

யாரும் அசையவில்லை. நான் எழுந்தேன். பாதியைக் கீழே சிந்தி ஊற்றி, ஒரு கோப்பையை அவளிடம் கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"சக்கரை பத்தல" என்றாள்.