சுவரில் ஒரு குத்து

ஊரடங்கில் பனியன் கம்பெனிகள் மூடியதும் எங்கள் லைன் வீடுகளில் பேச்சே குறைந்துவிட்டது. அடுத்த அறையில் பீகாரிலிருந்து வந்த டெய்லர்கள் நான்கு பேர் இருந்தார்கள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், பிளாஸ்டிக் குடத்தைத் தட்டிக்கொண்டு பாடித் தீர்ப்பார்கள். நான் நடுச்சுவரில் ஓங்கி ஒரு குத்து விடுவேன். உடனே அடங்கிவிடுவார்கள்.

இப்போது ஒரு வாரமாக அங்கே மூச்சுச் சத்தம்கூட இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் எழுந்துபோய்ச் சுவரில் குத்தினேன்.

அவர்களில் மூத்தவர் பதறிப்போய் வெளியே வந்தார். "அக்கா, நாங்க பாடலை!"

"அதைத்தானுங்க கேக்கறேன். ஏனுங்க பாடலை?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். குடம் வெளியே வந்தது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவரவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து கேட்டோம். பாட்டில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஆனாலும், பல நாளாக மெஷின் மிதிக்காத என் கால் தானாகத் தாளம் போட்டது.

பாட்டு முடிந்ததும் கோடி அறையிலிருந்து சுவரில் பலமாக ஒரு குத்து விழுந்தது. அங்கே இருந்தவர் தூத்துக்குடி அண்ணாச்சி, என்னைவிடப் பெரிய கோபக்காரர். எல்லோரும் அடங்கிப்போனோம்.

"ஏன்யா நிறுத்திட்டீய?" என்றார்.