எட்டு மாதமாக நீட்டாத கை

அவரை முதன்முதலில் சந்தித்த எவரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டுதான் சந்தித்திருப்பார்கள். மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவர். காலை ஏழிலிருந்து பத்துக்குள் நாற்பது பேர். "எடுத்தாச்சா? தெரியவே இல்லையே!" என்பார்கள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கையை நீட்டினார்கள். கூடப் பிறந்த தம்பி மட்டும் எட்டு மாதமாக டிமிக்கி கொடுத்தான்.

அவர்களுடைய பெரியண்ணன் கல்லீரல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்திருந்தார். ஒரு சொட்டு குடித்தறியாத மனிதர். ஹெபடைட்டிஸ் பி என்ற வைரஸ் பல வருடம் சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்து ஈரலைக் கெடுத்திருக்கிறது, வீட்டில் எல்லோரும் சோதித்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். இவர் மறுநாளே சோதித்தார். வைரஸ் இல்லை, தடுப்பூசியும் போட்டுக்கொண்டார்.

லிஃப்ட் மெக்கானிக்கான தம்பிக்கோ இன்றைக்கு வேலை, நாளைக்குத் தலைவலி.

"பன்னெண்டாவது மாடியில தொங்குறவன், ஊசிக்குப் பயப்படுறியா?"

"பயமா, எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன்ணே."

"பெரியண்ணனும் அப்படித்தான்டா இருந்தாரு!"

தம்பி மனைவி ஒரு படி மேலே போனாள். ரத்தத்தோடு புழங்குகிறவர் என்று இவருக்கு மட்டும் தனி கப் எடுத்துவைத்தாள்.

"ஏம்மா, இது கப்புல ஒட்டிக்கிட்டு வராது. இல்லைன்னு ரிசல்ட் வந்தவனை ஒதுக்கி வெக்கிற, சோதிக்காதவனுக்கு ராஜ மரியாதையா?"

"குழந்தைங்க இருக்கிற வீடு. தப்பா எடுத்துக்காதீங்க மாமா."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "டேய், உனக்கு என்னதான்டா பிரச்சினை?"

தம்பி வெடித்தான். "பிறக்கும்போதே அம்மாகிட்டேருந்து வரலாம்னு நீதானே சொன்னே? எனக்கும் இருந்தா, அண்ணன் செத்ததுக்கு அம்மாதான் காரணம்னு ஆயிடும். அதுக்குச் சம்மதமா?"

அடுத்த அறையிலிருந்து அம்மா வந்தாள்.

"எருமைங்களா, இதுக்கா எட்டு மாசம்? டாக்டர் சொன்ன அன்னிக்கு நானும்தானே பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்? ஒருத்தனுக்கு அழுறது போதாதா எனக்கு? முதல்ல என் கையில எடு. அப்புறம் அவனைப் பிடி."

இருவருக்கும் வைரஸ் இருந்தது. அம்மாவின் ஈரல் நன்றாக இருக்கிறது. தம்பியின் ஈரலில் தழும்பு விழத் தொடங்கியிருக்கிறது. தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். இதுவரை கட்டி எதுவும் இல்லை. அவன் மனைவியும் குழந்தைகளும் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். இவர் அதே ஆய்வகத்தில்தான் இருக்கிறார். ஸ்கேன் நாளன்று தம்பிக்கு மூன்று முறை போன் செய்கிறார்.